பாதிக் கேள்வியில் பஸ்ஸரை அடித்தது தப்பா? அரையிறுதியில் தோற்றுவிட்டு வந்திருக்கிறோம்

நெல்லை டீச்சர் எழுதியது:

வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். வினாடி வினா மன்றத்துக்குப் பொறுப்பாசிரியர் என்று யாராவது ஒருவர் பெயரைப் போடவேண்டும் என்றார்களாம். அந்த மீட்டிங் அன்று நான் லீவு. அதனால் என் பெயர்.

போன வாரம் மதுரையில் ஒரு உள்ளூர் சேனல் நடத்திய கல்லூரி வினாடி வினாவில் அரையிறுதி. கல்யாண மண்டபத்தில் ஷூட்டிங். ஏசி சத்தம் மைக்கில் விழுகிறது என்று அதை அணைத்துவிட்டார்கள். பிள்ளைகள் கோட்டு போட்டுக்கொண்டு வேர்த்து வழிந்தார்கள். விதிமுறை எல்லாம் பி.பி.சி.யில் வரும் யுனிவர்சிட்டி சேலஞ்ச் மாதிரிதான். அணிக்கு நாலு பேர். ஸ்டார்ட்டர் கேள்விக்கு யார் முதலில் பஸ்ஸரை அடிக்கிறாரோ அவர் தனியாகப் பதில் சொல்லவேண்டும், 10 புள்ளி. சரியாகச் சொன்னால் அந்த அணிக்கு மட்டும் மூன்று போனஸ், ஒவ்வொன்றுக்கும் 5. கேள்வி முடியும் முன் அடித்துத் தப்பாகச் சொன்னால் 5 கழியும்.

கடைசி நிமிடம். நாங்கள் 105, எதிரணி 95. கேள்வி இப்படி ஆரம்பித்தது: "1983ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசை, லாகூரில் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த..."

அவ்வளவுதான். எங்கள் இரண்டாமாண்டு இயற்பியல் பெண் அடித்துவிட்டாள். "சுப்பிரமணியன் சந்திரசேகர்." நானே கீழே உட்கார்ந்து கையைத் தட்டிவிட்டேன். அந்தப் பாடத்தை அவளுக்கு நடத்தியதே நான்தான்.

நடத்துபவர் சிரித்துக்கொண்டே "தவறு, மைனஸ் ஐந்து" என்று சொல்லிவிட்டு மீதியைப் படித்தார்: "...சுப்பிரமணியன் சந்திரசேகருடன் பகிர்ந்துகொண்டவர் யார்?"

எதிரணியில் ஒரு காமர்ஸ் பையன் நிதானமாக "ஃபௌலர்" என்றான். போனஸ் மூன்றும் எதைப் பற்றி என்று நினைக்கிறீர்கள்? தாமிரபரணி. எங்கள் ஆறு! பொதிகை, பாணதீர்த்தம், புன்னைக்காயல் என்று மூன்றையும் அவர்கள் சொல்லச் சொல்ல, எங்கள் பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்கள். 120க்கு 100. மணி அடித்துவிட்டது.

வேனில் திரும்பும்போது யாரும் பேசவில்லை. கயத்தாற்றில் டீக்கு நிறுத்தினோம், அவள் இறங்கவில்லை. கேப்டன் பையன் அவளிடம் இன்றுவரை முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "பத்துப் பாயிண்ட் முன்னாடி இருக்கோம், பேசாம இருந்திருக்கலாம்ல மேடம்" என்று என்னிடம் வந்து சொல்கிறான்.

அப்புறம் யூடியூபில் 2017 யுனிவர்சிட்டி சேலஞ்ச் அரையிறுதியைப் பார்த்தேன். கேம்பிரிட்ஜின் வுல்ஃப்சன் கல்லூரியும் இம்மானுவேல் கல்லூரியும். மங்க்மன், சீகல் என்று இரண்டு கேப்டன்கள். வுல்ஃப்சன் 170, இம்மானுவேல் 140. அதில் பாதிக் கேள்வியிலேயே படார் படார் என்று அடிக்கிறார்கள். அவர்கள் அடித்தால் திறமை, எங்கள் பிள்ளை அடித்தால் அவசரக்குடுக்கையா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவளிடம் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

டை_பிரேக்கர் எழுதியது:

கேப்டன் சொல்வதுதான் சரி மேடம். லீடிங்கில் இருக்கும்போது ரிஸ்க் எடுக்கக் கூடாது. கிரிக்கெட்டில் கடைசி ஓவரில் நாலு ரன் போதும் என்றால் யாராவது சிக்சருக்குத் தூக்குவார்களா?

பழைய மைக் எழுதியது:

டை_பிரேக்கர் தம்பி, தூக்குவார்கள், நான் பார்த்திருக்கிறேன். அதை விடுங்கள்.

டீச்சர், நான் கோயம்புத்தூர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 22 வருடமாகப் பள்ளி, கல்லூரி, ரோட்டரி சங்கம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய் வினாடி வினா நடத்துகிறேன். டிவியிலும் கொஞ்சம் நடத்தியிருக்கிறேன். உங்கள் கதையைப் படித்ததும் காகிதத்தை எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் கணக்கு. அடிக்கும் முன்பு நீங்கள் 10 முன்னால். அடித்த பிறகு 20 பின்னால். ஒரே ஒரு பஸ்ஸரில் 30 புள்ளி இடம் மாறியிருக்கிறது. உங்களுக்கு 5 போனது, அவர்களுக்கு 10ம் 15ம் வந்தது. நீங்கள் பார்த்த வுல்ஃப்சன் ஆட்டத்தின் வித்தியாசமும் அதே 30தான். அந்த ஆட்டம் அப்படித்தான் முடிந்தது என்று சொல்லவில்லை. அந்த மட்டத்தில் அரை மணி நேரம் இரண்டு அணியும் மோதிக்கொண்டாலும், கடைசியில் நிற்கும் வித்தியாசம் ஒரு தப்பான பஸ்ஸரின் விலைதான் என்பதைப் பாருங்கள்.

அப்படியானால் அடிக்காமலே இருந்துவிடலாமா? அதுவும் இல்லை. இரண்டு அணியும் சமபலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்டார்ட்டர் 10. போனஸில் பாதி வந்தால் ஏழு எட்டு. ஆக ஒரு ஸ்டார்ட்டர் சுமாராக 17 பெறும். தப்பாக அடித்தால் உங்கள் 5ம் போய், அந்த 17 எதிரணிக்கும் போனால் 22 நஷ்டம். வரவு 17, செலவு 22. பத்துத் தடவை அடித்து ஆறு தடவை சரியாக வந்தால் 102 வரவு, 88 செலவு. லாபம். ஐந்துதான் சரி என்றால் நஷ்டம். அதனால் நான் பிள்ளைகளிடம் சொல்வது: "பத்துக்கு ஆறு தேறும்னு வயிறு சொன்னா அடி." நூற்றுக்கு நூறு தெரிந்த பிறகுதான் அடிப்பேன் என்று காத்திருக்கும் பிள்ளை ஒரு ஸ்டார்ட்டரும் எடுக்காது. எதிரில் இருப்பவன் அதற்குள் அடித்துவிட்டிருப்பான்.

கேப்டன் தம்பிக்கு ஒன்று. பத்துப் புள்ளி முன்னிலை என்பது முன்னிலையே இல்லை. அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு இருந்து, எதிரணி அந்த ஸ்டார்ட்டரை எடுத்திருந்தால் 105க்கு 105. ஒரே ஒரு போனஸ் வந்தால் போச்சு. தாமிரபரணியைக் கரைத்துக் குடித்த அணிக்கு ஒன்று வராதா? பேசாமல் இருந்திருந்தாலும் நீங்கள் தோற்க வாய்ப்பு நிறையவே இருந்தது.

இனி நான் சொல்ல வந்த விஷயம். என் சந்தேகம் அந்தப் பெண் மேல் இல்லை. கேள்வியை எழுதியவர் மேல்.

ஆங்கிலத்தில் என்ன கேட்கப்படுகிறது என்பதை வாக்கியத்தின் தலையிலேயே வைத்துவிடலாம். எந்த ஆறு, எந்த வேதிப்பொருள், எந்த நாவலாசிரியர் என்று ஆரம்பித்துவிட்டு, அப்புறம் குறிப்புகளைக் கடினத்திலிருந்து எளிதுக்கு இறக்கிக்கொண்டே வருவார்கள். கேட்பவனுக்கு முதல் மூச்சிலேயே தேடவேண்டிய பெட்டி எது என்று தெரிந்துவிடும். குறிப்பு ஒன்று பொருந்தினால் துணிந்து அடிக்கலாம். மங்க்மனும் சீகலும் பாதியில் அடித்ததற்கு அவர்கள் படிப்பு ஒரு காரணம், கேள்வியின் கட்டுமானம் இன்னொரு காரணம். அங்கேயும் திருப்பம் வைத்த கேள்வி வரும், 5 கழியும், அது வேறு.

நம் மொழியில் யார், எது, என்ன எல்லாம் கடைசியில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. வினைமுற்றும் கடைசியில். அது மட்டுமா? ஆங்கிலத்தில் "உடன்" என்பதற்கான "வித்" என்ற சொல் பெயருக்கு முன்னால் வரும். சந்திரசேகர் பெயர் வரும் முன்பே அவர் விடை இல்லை, விடைக்குத் துணை என்று தெரிந்துவிடும். தமிழில் பெயர் முழுக்க வந்த பிறகு, அதன் வாலில் "உடன்" ஒட்டிக்கொள்ளும். லாகூர், மாநிலக் கல்லூரி என்று குறிப்பு வந்துகொண்டே இருக்கிறது, அவர் விடையா துணையா என்பது அந்த வாலில்தான் தெரியும். டீச்சர், உங்கள் பிள்ளைகள் இயற்பியலில் தோற்கவில்லை. மூன்றாம் வேற்றுமை உருபு ஒன்றில் தோற்றிருக்கிறார்கள்!

இதே தப்பை நானும் பல வருடம் செய்தேன். ஆங்கிலத்தில் எழுதிய கேள்வியை அப்படியே தமிழாக்கிக் கேட்பேன். நல்ல பிள்ளைகள்தான் முதலில் அடிபடுவார்கள், ஏனென்றால் அவர்களுக்குத்தான் குறிப்பு சீக்கிரம் புரியும். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு பள்ளியில் ஒரு தமிழாசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், உங்க கேள்வியெல்லாம் வாலைப் பார்த்துத்தான் பாம்பா பல்லியான்னு சொல்ல வேண்டியிருக்கு" என்றார். அதற்கு அப்புறம்தான் "எந்த" என்று ஆரம்பித்து எழுதப் பழகினேன். அதே கேள்வியை நான் எழுதினால்:

"எந்த இயற்பியலாளர், விண்மீன்களுக்குள் தனிமங்கள் உருவாகும் அணுவினைகளை ஆராய்ந்ததற்காக, 1983இல் சந்திரசேகருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்?"

இதில் உங்கள் பெண் "விண்மீன்களுக்குள் தனிமங்கள்" என்ற இடத்திலேயே அடித்து ஃபௌலர் என்று சொல்லியிருப்பாள் என்று பந்தயம் கட்டுகிறேன். தெரிந்தவனுக்கு முதலில், தெரியாதவனுக்குக் கடைசியில். ஸ்டார்ட்டர் அப்படித்தான் இருக்கவேண்டும். நடுவில் குழி தோண்டி வைத்தால் அது கண்ணாமூச்சி.

சோல்டரிங் மணி எழுதியது:

மேடம், நான் எலெக்ட்ரானிக்ஸ் மாணவன். ஒரு சந்தேகம். அங்கே பஸ்ஸருக்கு லாக் இருந்ததா? முதலில் அடித்தவர் விளக்கு எரிந்ததும் மற்ற எல்லாம் செத்துப்போகவேண்டும். சில இடத்தில் வீட்டு காலிங் பெல் ஸ்விட்சை மேஜையில் ஒட்டிவிட்டு, யார் முதலில் என்று நடத்துபவர் காதை வைத்துத் தீர்ப்புச் சொல்வார்கள். எங்கள் கல்லூரியில் அர்டுயினோ என்ற சின்ன புரோகிராம் போர்டு ஒன்று, எட்டு புஷ் பட்டன், எட்டு எல்.ஈ.டி வைத்து நாங்களே செய்துகொண்டோம். பெட்டி மட்டும் ஸ்வீட் கடை டப்பா. இன்னும் நெய் வாசம் போகவில்லை. வேண்டுமென்றால் சர்க்யூட் படம் போடுகிறேன்.

பிகு: எங்கள் ஊர்ப் போட்டிகளில் பவுன்ஸ், பவுன்ஸ் என்று இரண்டு இருக்கும். ஒன்று கேள்வி அடுத்த அணிக்குத் தாவுவது. இன்னொன்று முறை வரும் முன்பே பாய்ந்து பதில் எழுதிக் கொடுப்பது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். புது ஆள் யாரும் முதல் நாள் தப்பியதில்லை.

ஈஸ்ட்ஹாம் வாசி எழுதியது:

டீச்சர் அந்த 2017 ஆட்டத்தைச் சொன்னபடியால் எழுதுகிறேன். நான் யாழ்ப்பாணம், இப்ப லண்டன் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறேன். பொபி சீகல் எங்கட இடத்துப் பெடியன். தாய் தகப்பன் கேரளத்து ஆக்கள், அவர் வளர்ந்தது ஈஸ்ட் ஹாமில். கணக்கு வாத்தியார். சீகல் என்றால் கடற்காகம். தகப்பனுக்குப் பிடித்த ஒரு கடற்பறவைக் கதையிலிருந்து எடுத்த பெயராம்.

திங்கட்கிழமை இரவு பி.பி.சி இரண்டில் போகும். அன்றைக்கு எங்கட வீட்டில் புட்டு அவித்தபடி மனுசி அடுப்படியிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தா. மகளுக்கு அப்ப 14 வயது. எந்த நேரமும் போனோடு இருக்கிற பிள்ளை, அதைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். மங்க்மன் கனடாக்காரர். பதில் சொல்லேக்க நெற்றியைச் சுருக்கி, பல்லைக் கடித்து, ஏதோ சண்டைக்குப் போகிற மாதிரி இருப்பார். சீகல் எதிர்ப்பக்கம் சிரித்த முகம். ஒருவர் அடித்தால் போதும், ஆளைக் காட்ட முந்தியே அறிவிப்பாளர் குரல் கல்லூரிப் பெயரையும் ஆளின் பெயரையும் கத்தும். அந்தக் குரலுக்கே எனக்கு நெஞ்சு அடிக்கும். ஜெரமி பாக்ஸ்மன் வேறு, பிழையான பதில் சொன்னால் முகத்தை ஒரு மாதிரி வைப்பார். 1994இலிருந்து 2023 வரை அவர்தான் நடத்தினவர். இப்ப அமோல் ராஜன், கொல்கத்தாவில் பிறந்தவர்.

நாங்கள் முழுப்பேரும் இம்மானுவேல் பக்கம். 140க்கு 170 என்று மணி அடித்தவுடன் மகள் சொன்னாள், "அப்பா, ஒரே ஒரு ஸ்டார்ட்டரும் கொஞ்சமும்." பழைய மைக் ஐயா போட்ட கணக்கை அவள் அன்றைக்கே போட்டுவிட்டாள்!

ஆனால் அந்த மங்க்மனும் வெல்லவில்லை, தெரியுமா? ஏப்ரலில் இறுதி ஆட்டத்தில் ஒக்ஸ்போட் பேலியல் கல்லூரி 190க்கு 140 என்று வுல்ஃப்சனை அடித்துவிட்டது. கோப்பையைக் கொடுத்தவர் ஸ்டீபன் ஹாக்கிங். சனம் வென்ற அணியை விட்டுவிட்டு மங்க்மனையும் சீகலையும் பற்றித்தான் கதைத்தது. இரண்டு பேரும் நல்ல கூட்டாளிகள். அந்த வருடமே சேர்ந்து ஒரு வினாடி வினாப் புத்தகம் போட்டார்கள். அடுத்த வருடம் பி.பி.சி.யில் இரண்டு பேரும் பிரித்தானியா முழுக்கச் சுற்றி ஒரு நிகழ்ச்சி செய்தார்கள். உங்கட கேப்டன் பெடியனுக்கு அதைக் காட்டுங்கோ. அவர்கள் எதிர் எதிர் அணி. இவர்கள் ஒரே மேசையில் இருந்த பிள்ளைகள்.

டை_பிரேக்கர் எழுதியது:

சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கேள்வி. சமமாக முடிந்தால் என்ன செய்வார்கள்? பெயரை வைத்துக்கொண்டு எனக்கே தெரியவில்லை.

பழைய மைக் எழுதியது:

ஒரே ஒரு ஸ்டார்ட்டர். சரியாகச் சொன்ன அணி வெற்றி. பாதியில் அடித்துத் தப்பாகச் சொன்னால் 5 கழிந்து அங்கேயே தோல்வி. என் வாழ்நாளில் இரண்டு தடவை நடத்தியிருக்கிறேன். இரண்டு தடவையும் கேள்வித்தாளைப் பிடித்திருந்த என் கைதான் நடுங்கியது.

டீச்சர், ஒன்று கேட்க மறந்துவிட்டேன். போனஸ் வந்தபோது எதிரணி கலந்து பேசினார்களா, கேப்டன் தானே சொன்னாரா? அடுத்த வருடத்துக்குத் தெரிந்துகொள்வது நல்லது. ஸ்டார்ட்டரில் வாயைத் திறக்கக் கூடாது, போனஸில் நாலு தலையும் ஒட்டவேண்டும். நிறைய கல்லூரி அணிகள் பஸ்ஸருக்குப் பயிற்சி எடுத்துவிட்டு, கலந்து பேசப் பயிற்சியே எடுக்காமல் வருகின்றன. கேப்டன் என்பவர் எல்லாம் தெரிந்தவராக இருக்கவேண்டியதில்லை. நாலு பேர் முணுமுணுக்கும்போது எந்த முணுமுணுப்பில் உறுதி இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும்.

நெல்லை டீச்சர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பழைய மைக் சார், எதிரணி நாலு பேரும் தலையை ஒட்டித்தான் பேசினார்கள். அந்தக் காமர்ஸ் பையனின் பாட்டி ஊர் ஆழ்வார்திருநகரியாம், அப்புறம் விசாரித்தேன். ஆற்றங்கரையிலேயே வளர்ந்தவன். சரி, அந்த மட்டுக்கும் ஆறு துரோகம் செய்யவில்லை.

உங்கள் பதிலைப் பிரிண்ட் எடுத்து இரண்டு பேரையும் லேபுக்குக் கூப்பிட்டு வாசிக்கக் கொடுத்தேன். கேப்டன் முதலில் கணக்கைத்தான் பார்த்தான். 105க்கு 105 என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தான். அவளிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "நீ அடிக்கும்போது நானும் சந்திரசேகர்னுதான் நெனச்சேன்" என்றான். அவள், "அப்ப ஏன் ஒரு வாரமா மூஞ்சியத் தூக்கி வச்சிட்டிருந்த?" என்றாள். எனக்கு அதற்குமேல் அங்கே வேலை இல்லை, கேன்டீனுக்குப் போய்விட்டேன்.

மூன்றாம் வேற்றுமை விஷயத்தை எங்கள் தமிழ்த்துறையில் சொன்னேன். அங்கே ஒரு பெரிய விவாதமே நடந்தது. இப்போது அவர்கள் இரண்டு பேர் எங்களுக்குக் கேள்வி எழுதித் தர ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லாக் கேள்வியும் "எந்த" என்றுதான் ஆரம்பிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

மணி தம்பி, சர்க்யூட் படத்தைப் போடுங்கள். டப்பா எங்களிடம் இருக்கிறது, அல்வா டப்பா.

நேற்று மாலை முதல் பயிற்சி. பஸ்ஸர் இன்னும் இல்லாததால் மேஜையில் தட்டவேண்டும் என்று விதி. நான் தாளை எடுத்து, "எந்த..." என்றேன்.

அவள் தட்டிவிட்டாள்.

மைனஸ் ஐந்து போட்டிருக்கிறேன்.